ஒன்லைன் கேட்டா சொல்லமாட்டார்: மைக் லீ பத்தி கொஞ்சம் நீளமா

ஒரு தயாரிப்பாளர்கிட்ட போய் உக்காருறீங்க. ஒன்லைன் என்னன்னு கேக்குறார். "இப்போதைக்கு தெரியாது சார்." யார் நடிக்கிறாங்க? "அதை பேச முடியாது சார்." பவுண்ட் ஸ்கிரிப்ட் எங்க? "அப்படி ஒண்ணு கிடையாது சார், பணத்தை மட்டும் குடுங்க, படமா முடிஞ்சதும் பாத்துக்கோங்க." என்ன நடக்கும்? சொல்லியிருந்த டீ கூட வராது. இங்கிலாந்துல மைக் லீன்னு ஒரு சினிமா டைரக்டர் அம்பது வருஷத்துக்கு மேல கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கார், அதுக்கும் பணம் குடுக்க சில ஆளுங்க இருந்திருக்காங்க. அந்த மாதிரி ஆளுங்க இருந்த காலத்துல படம் வந்துச்சு, இல்லாத காலத்துல வரல. அவர் கரியர் மேல கீழ போனதுக்கு பெரும்பாலும் காரணம் அதுதான், திறமை ஏறி இறங்குனது எல்லாம் கம்மி.

இதுல காமெடி என்னன்னா, ஸ்கிரிப்ட்டே இல்லாம வேலையை ஆரம்பிக்கிற இந்த ஆளுக்கு திரைக்கதைக்காக மட்டும் 5 தடவை ஆஸ்கர் நாமினேஷன் வந்திருக்கு. 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்', 'டாப்சி டர்வி', 'வேரா டிரேக்', 'ஹேப்பி கோ லக்கி', 'அனதர் இயர்'. டைரக்ஷனுக்கு தனியா 2. ஒண்ணுகூட கைக்கு வரலங்கிறது வேற விஷயம்.

அவரை பத்தி யார் பேசுனாலும் முதல்ல வர்ற வார்த்தை இம்ப்ரவைசேஷன். உடனே நம்ம மனசுல என்ன ஓடும்? கேமராவை ஆன் பண்ணிட்டு நடிகர்களை வாய்க்கு வந்ததை பேச விடுவாரு போல, அதான் இவ்வளவு இயல்பா இருக்குன்னு. ரொம்ப பேர் அப்படித்தான் எழுதுறாங்க. நெஜம் கிட்டத்தட்ட நேர் எதிர். சினிமாவுல இவ்வளவு இறுக்கமா எல்லாத்தையும் கைக்குள்ள வச்சிருக்குற டைரக்டர்ங்க கம்மி, எனக்கு தெரிஞ்சு அவர் நடிகர்களுக்கு குடுக்குற சுதந்திரத்தை விட அவங்ககிட்ட இருந்து மறைக்கிற விஷயம்தான் பெருசு. அவர் கண்டுபிடிச்ச புதுசுன்னு ஒண்ணை சொல்லணும்னா இந்த மறைக்கிற வேலையைத்தான் நான் சொல்லுவேன்.

எப்படி நடக்கும்னா, முதல்ல நடிகரை கூப்பிடுவார். என்ன கேரக்டர்னு கெடையாது, கதை கெடையாது, ரோல் பெருசா ரெண்டு சீனான்னு கூட சொல்லமாட்டார், அதுக்கு ஓகேன்னு சொல்ற ஆளுதான் உள்ள வர முடியும். அப்புறம் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உக்கார வச்சு, உனக்கு தெரிஞ்ச நெஜ மனுஷங்களை பத்தி சொல்லுன்னு ஆரம்பிப்பார். பழைய ஆபீஸ்ல இருந்த ஆளு, தூரத்து சொந்தம், கூட படிச்சவன், எப்பவோ பழகின பக்கத்து வீட்டுக்காரி, அப்படி லிஸ்ட் நீளும். அதுல ஒருத்தரையோ ரெண்டு மூணு பேரை சேத்தோ ஒரு புது ஆளை உருவாக்குறாங்க. அந்த ஆளு எங்க பொறந்தான், எந்த ஸ்கூல், அப்பா என்ன வேலை, முதல் சம்பளம் என்னாச்சு, யாரை காதலிச்சான், எப்ப விட்டுப்போச்சுன்னு வருஷம் வருஷமா ஒரு முழு வாழ்க்கையை கட்டுவாங்க. படத்துல இதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. அப்புறம் நடிகர் அந்த ஆளா ஒரு ரூம்ல சும்மா இருக்கணும். ஒண்ணும் நடக்காது. லீ ஒரு மூலையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பார்.

அதுக்கு அப்புறம்தான் ரெண்டு கேரக்டரை சந்திக்க வைப்பார், கணவன் மனைவின்னா அவங்க எப்படி சந்திச்சாங்கங்கிறதுல இருந்து. மணிக்கணக்கா போகும். முடிஞ்சதும் கேரக்டரை விட்டு வெளிய வரணும், வந்தப்புறம் "நான் அப்ப கோவப்பட்டேன்"னு பேசக்கூடாது, "அவ கோவப்பட்டா"ன்னுதான் பேசணும். சின்ன ரூல்தான், ஆனா இந்த ரூல் இல்லேன்னா ஆறு மாசம் இன்னொருத்தரா வாழ்ந்த ஆளு வீட்டுக்கு எப்படி போறது!

முக்கியமான ரூல் இன்னொண்ணு இருக்கு. உன் கேரக்டருக்கு என்ன தெரியுமோ அதுதான் உனக்கும் தெரியணும். மத்த நடிகர்கள்கிட்ட அவங்க கேரக்டர் பத்தி கேக்கக்கூடாது, உன்னுதை சொல்லவும் கூடாது. புருஷனுக்கு தெரியாம பொண்டாட்டி ஒண்ணு செய்யுறான்னா, புருஷனா நடிக்கிறவருக்கும் அது தெரியாது. மொத்த படமும் என்னன்னு தெரிஞ்ச ஒரே ஆள் லீ மட்டும்தான், சில நேரம் அவருக்கே கடைசிலதான் தெரியும்.

இப்படி மாசக்கணக்கா ரிகர்சல் நடந்தப்புறம் சீன் வரிசையை மட்டும் சுருக்கமா எழுதி வச்சுக்கிட்டு, லொகேஷன்ல ஒவ்வொரு சீனா மறுபடியும் இம்ப்ரவைஸ் பண்ண வச்சு, இதை எடு, அதை வெட்டு, இந்த வார்த்தையை முன்னாடி கொண்டுவான்னு தட்டி தட்டி இறுக்குவார். கேமரா ஓடும்போது எல்லாம் முடிவாகியிருக்கும், ஒரு "ம்"முக்கு கூட கணக்கு இருக்கும், அந்த நேரத்துல யாரும் புதுசா எதையும் அள்ளி விட முடியாது. அதனாலதான் அவர் படத்து வசனத்தை காகிதத்துல படிச்சா ஒரு நாடக ஆசிரியர் நாலு டிராஃப்ட் எழுதுன மாதிரி இருக்கும். எழுத்துதான் அது, பேனாவுக்கு பதிலா மனுஷங்களை வச்சு எழுதுன எழுத்து.

இந்த மெத்தட் எங்க போய் முட்டுதுன்னு பாக்கணும்னா 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' (1996). ஹார்டென்ஸ்னு ஒரு கருப்பின பொண்ணு, லண்டன்ல கண் பரிசோதனை பண்ற வேலை, வளத்த அம்மா செத்துப்போனதும் பெத்த அம்மாவை தேடுறா. பேப்பரை பாத்தா அம்மா வெள்ளைக்காரி. அந்த அம்மா சிந்தியா, அட்டைப்பெட்டி ஃபேக்டரில வேலை, ஒடிஞ்சுபோன ஜென்மம், எதுக்கெடுத்தாலும் அழுகை. ரெண்டு பேரும் ஹோபர்ன் மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல சந்திக்கிறாங்க. ரிகர்சல்ல இந்த சந்திப்பு நடக்குற நிமிஷம் வரைக்கும், சிந்தியாவா நடிச்ச பிரெண்டா பிளெத்தினுக்கு தன் பொண்ணு கருப்பினப் பொண்ணுன்னு தெரியாது. ரிகர்சல்ல ஹார்டென்ஸா நடிச்ச மரியான் ஜான் பாப்டிஸ்ட் வந்து எதிர்ல நிக்கும்போதுதான் தெரியுது.

சரி, இது ஒரு நல்ல செட் கதை, பேட்டில சொல்ல நல்லா இருக்கும், படத்துல என்ன ஆச்சுங்கிறதுதான் கேள்வி. அந்த காஃபி கடை சீனை பாருங்க. காலி கடை, ரெண்டு பேரும் ஒரே பக்கமா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க, கேமரா அசையல, கட் இல்ல, எட்டு நிமிஷத்துக்கு பக்கம் அப்படியே ஓடுது. ஏதோ தப்பு நடந்திருக்கும்மா, நான் உங்க அம்மாவா இருக்கவே முடியாதுன்னு சிந்தியா பொறுமையா எடுத்து சொல்றா, அந்த பொண்ணு மேல பரிதாபம் வேற. சொல்லிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு எங்கயோ உள்ள ஒரு ஞாபகம் வந்து இடிக்குது. முகம் மாறுது. இந்த இடத்துல நான் படத்தை நிறுத்திட்டு பின்னாடி போய் திரும்ப பாத்தேன், எந்த செகண்ட்ல அந்த ஞாபகம் வருதுன்னு கண்டுபிடிக்க. கண்டுபிடிக்க முடியும், அவ்வளவு தெளிவா தெரியுது. ரிகர்சல்ல பிரெண்டா பிளெத்தினுக்கு வந்த அதிர்ச்சியை அப்படியே கேமராவுல பிடிச்சதில்ல இது. அன்னிக்கு நடந்ததை மாசக்கணக்கா அலசி, வேணாததை எடுத்து போட்டு, திரும்ப செஞ்சு காட்டுறது. நடிப்புன்னா அதுதானே.

கான் திரைப்பட விழாவுல முதல் பரிசான தங்கப் பனை அந்த படத்துக்கு கெடைச்சுது, ஜூரி தலைவர் 'காட்ஃபாதர்' எடுத்த கொப்போலா. பிளெத்தினுக்கு அங்கயே சிறந்த நடிகை விருது. மரியானுக்கு துணை நடிகைக்கான ஆஸ்கர் நாமினேஷன் வந்துச்சு. இந்த மரியான் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில திரும்ப வருவாங்க.

எட்டு வருஷம் கழிச்சு 'வேரா டிரேக்'. 1950 லண்டன், கருக்கலைப்பு சட்டப்படி குத்தம் (1967-லதான் அங்க சட்டம் மாறுச்சு). வேரான்னு ஒரு அம்மா, வீடு வீடா பாத்திரம் பித்தளை தேய்க்கிற வேலை, போற வழியில நடமாட முடியாத ஆளுங்களுக்கு டீ போட்டு குடுத்துட்டு போவா, எப்பவும் ஒரு பாட்டை முனகிக்கிட்டு. சைடுல, மாட்டிக்கிட்ட பொண்ணுங்களுக்கு உதவி பண்றதா நெனச்சு, காசு வாங்காம, சோப்புத்தண்ணியும் ஒரு பம்பும் வச்சு கருவை கலைச்சு விடுறா. வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. இதுல இன்னொரு அடுக்கு, ஆளை கொண்டுவர்ற தோழி லில்லி அந்த பொண்ணுங்ககிட்ட காசு வாங்கிக்கிறா, அது வேராவுக்கே தெரியாது. ரிகர்சல்ல புருஷனா, பையனா, பொண்ணா நடிச்சவங்க யாருக்கும் வேரா என்ன செய்யுறான்னு தெரியாது. பொண்ணோட நிச்சயத்தை கொண்டாடுற நாளை மணிக்கணக்கா இம்ப்ரவைஸ் பண்ணிக்கிட்டு இருக்காங்க, வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, கதவு தட்டுற சத்தம், திறந்தா போலீஸ் வேஷத்துல நடிகர்கள். குடும்பத்துக்கு எதுக்கு போலீஸ்னு தெரியாது. வேராவா நடிச்ச இமெல்டா ஸ்டான்டனுக்கு விஷயம் தெரியும், ஆனா அன்னிக்கு போலீஸ் வரப்போகுதுன்னு தெரியாது. படத்துல கேமரா அந்த முகத்தை விட்டு நகராம நிக்குற நேரத்துல, அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாம மொத்தமா சரிஞ்சு போறதை பாக்கணும். எனக்கு அதுக்கு ஈடா இன்னொரு க்ளோசப் சொல்ல தெரியல.

இந்த படத்தை கான் திருப்பி அனுப்பிடுச்சு. வெனிஸ் திரைப்பட விழா எடுத்து, அங்க முதல் பரிசான தங்க சிங்கமும் குடுத்து, இமெல்டாவுக்கு நடிகை விருதும் குடுத்துச்சு. படத்தை லீ தன் அப்பா அம்மாவுக்கு சமர்ப்பிச்சிருப்பார், அப்பா டாக்டர், அம்மா பிரசவம் பாக்குற மிட்வைஃப். அதை டைட்டில்லயே அப்படித்தான் போட்டிருக்கும்.

அப்ப அப்பா அம்மா கதைக்கு வருவோம். லீ 1943-ல பொறந்தார், வளந்தது எல்லாம் மான்செஸ்டரை ஒட்டுன சால்ஃபோர்ட். யூத குடியேறி குடும்பம், லீபர்மன்ங்கிற பேரை லீன்னு மாத்திக்கிட்டாங்க. அப்பா தொழிலாளிகள் இருக்குற ஏரியாவுல டாக்டர், அதனால நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே சுத்தி இருக்குற தொழிலாளி வாழ்க்கையை பாத்து வளந்த பையன். பன்னெண்டு வயசுல தாத்தா செத்துப்போறார், பனி கொட்டுது, வயசானவங்க நாலஞ்சு பேர் சவப்பெட்டியை மூச்சு வாங்க தூக்கிட்டு வர்றாங்க, அதுல ஒருத்தர் மூக்கு நுனில ஒரு சொட்டு தொங்குது, இதையெல்லாம் படமா எடுக்கணும்னு அப்பவே தோணுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். துக்க வீட்ல மூக்கை பாக்குற புள்ள. படம் எல்லாம் அப்படித்தான் இருக்கும், அழுகைக்கு நடுவுல ஒரு சிரிப்பு வந்து தொலைக்கும், சிரிச்சதுக்கு நமக்கே கொஞ்சம் அசிங்கமா இருக்கும்.

1960-ல லண்டன்ல ராடாங்கிற நடிப்புப் பள்ளிக்கு ஸ்காலர்ஷிப்ல படிக்க வந்தார். அங்க எல்லாம் பழைய பாணி, வசனத்தை மனப்பாடம் பண்ணு, இங்க நில்லு, அங்க திரும்பு. இந்த கேரக்டர் எங்கிருந்து வந்தான்னு யாரும் கேக்கல. அதுக்கப்புறம் கேம்பர்வெல் ஓவியப் பள்ளில சேந்து, மாடலை நிக்க வச்சு வரையுற கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது ஒரு விஷயம் அவருக்கு பளிச்சுன்னு படுது. இங்க ஒவ்வொருத்தரும் எதிர்ல இருக்குற நெஜ மனுஷனை பாத்து தானே ஒண்ணை உருவாக்குறாங்க, ராடாவுல ஒருத்தரும் ஒருநாளும் இதை செய்யலையேன்னு. அப்ப நடிகனும் ஏன் அப்படி ஒரு கலைஞனா இருக்கக்கூடாது? மேல சொன்ன மொத்த மெத்தடும் இந்த ஒரு கேள்வில இருந்து வந்தது. 1965-ல பர்மிங்ஹாம்ல இளைஞர்களை வச்சு நாடகம் போட்டு சோதிச்சு பாக்க ஆரம்பிச்சுட்டார்.

முதல் படம் 'பிளீக் மொமன்ட்ஸ்', 1971. பணம் குடுத்தது நடிகர் ஆல்பர்ட் ஃபின்னி, அவரும் சால்ஃபோர்ட் ஆளு, அதே ஸ்கூல்ல லீக்கு முன்னாடி படிச்சவர், தன் கம்பெனி மூலமா குடுத்தார். இருபதாயிரம் பவுண்டு கூட இல்ல. மனவளர்ச்சி குறைஞ்ச அக்காவை பாத்துக்கிற ஒரு செக்ரட்டரி பொண்ணு, அவகிட்ட பேச தெரியாத ஒரு வாத்தியார், ரெண்டு பேரும் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்ட்ல சாப்பிடுற சீன் இருக்கு, யாரும் யாரையும் திட்டல, ஒண்ணுமே நடக்கல, ஆனா பாக்குற நமக்கு சீட்ல நெளியணும் போல இருக்கும். லொகார்னோ திரைப்பட விழாவுல பெரிய விருது, அமெரிக்காவுல விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தலையில தூக்கி வச்சு எழுதுனார். எல்லாம் ஆச்சு.

அடுத்த தியேட்டர் படம் 1988.

நடுவுல பதினேழு வருஷம். மனுஷன் சும்மா இல்ல, பிபிசி இருந்துச்சு. பிரிட்டிஷ் சினிமாவுக்கு அப்ப காசு வத்திப்போன நேரம், சினிமால கெடைக்காத சுதந்திரம் டிவில கெடைச்சுது, ஸ்கிரிப்ட் இல்லேன்னாலும் ஸ்லாட் குடுக்குற தயாரிப்பாளர்கள் அங்க இருந்தாங்க. டோனி கார்னெட் தயாரிப்புல 1973-ல 'ஹார்ட் லேபர்', பர்மிங்ஹாம் பிபிசில டேவிட் ரோஸ் ஆதரவுல 'நட்ஸ் இன் மே' (1976), அப்படியே வரிசையா. 'நட்ஸ் இன் மே' இன்னிக்கும் செம காமெடி, கேம்பிங் போற ஒரு சைவ தம்பதி, ரூல்ஸ் பைத்தியம், பக்கத்து டென்ட்டுக்காரன் ரேடியோ வச்சதுக்கு யுத்தம். இந்த படங்கள்ல டைட்டில் கார்டுல எழுதி இயக்கியதுன்னு வராது, உருவாக்கி இயக்கியதுன்னுதான் வரும்.

இங்கிலாந்துல வீடு வீடா அவரை கொண்டுபோனது 'அபிகெயில்ஸ் பார்ட்டி', 1977. முதல்ல ஹாம்ப்ஸ்டெட் தியேட்டர்ல நாடகம். பெவர்லின்னு ஒரு பொம்பளை, பக்கத்து வீட்டுக்காரங்களை வீட்டுக்கு கூப்பிட்டு, ஜின்னை ஊத்தி ஊத்தி, பேசி பேசியே கொல்றா. நடிச்சது ஆலிசன் ஸ்டெட்மன், அப்ப லீயோட மனைவி, கர்ப்பமா வேற இருந்தாங்க, அதனால நாடகத்தை பெரிய தியேட்டருக்கு மாத்தி ஓட்ட முடியல, சரி டிவி ஸ்டுடியோவுல ரெக்கார்டு பண்ணிடலாம்னு பண்ணாங்க. அப்படி அவசரத்துக்கு பண்ணதுதான் அவர் பேர்லயே ரொம்ப பிரபலமானது. பாக்க டிவி நாடகம் மாதிரிதான் இருக்கும், அவருக்கே அந்த விஷுவல் பிடிக்காது.

அதை டென்னிஸ் பாட்டர் கிழி கிழின்னு கிழிச்சார். டிவி நாடகத்துல பெரிய எழுத்தாளர், சாதாரண ஆள் இல்ல. கீழ்நடுத்தர வர்க்கத்து ரசனையை பாத்து மூக்கை பொத்திக்கிட்டு சிரிக்கிற வன்மம்னு அவர் குற்றச்சாட்டு. இந்த குற்றச்சாட்டு லீயை இன்னிவரைக்கும் விடல, கேலிச்சித்திரம் போடுறார், பாவப்பட்ட ஜனங்களை நக்கல் அடிக்கிறார்னு. நான் பாட்டர் பக்கம் கொஞ்சம் சாயுவேன், முழுசா இல்ல. 'ஹை ஹோப்ஸ்'ல வர்ற அந்த பணக்கார பக்கத்து வீட்டு ஜோடியை பாருங்க, கிழவி வீட்டு சாவியை உள்ள வச்சு பூட்டிட்டு தெருவுல நிக்கிறா, அந்த அம்மா இருக்குற வீட்டோட மதிப்பு என்னன்னு கணக்கு போட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க மனுஷங்களே இல்ல, கார்ட்டூன். அவங்ககிட்ட ஒளிச்சு வைக்க எதுவும் இல்ல, அதான் பிரச்சனைன்னு நெனைக்கிறேன். லீ படத்துல ஒரு ஆளுக்கு ரகசியம் இல்லேன்னா அந்த ஆளு தட்டையாயிடுறான். பெவர்லி அப்படி இல்ல, அந்த சத்தத்துக்கு அடியில என்னவோ ஒரு பயம் ஓடுது, அதனாலதான் இத்தனை வருஷமா நிக்குறா.

1983-ல சேனல் 4-ங்கிற டிவிக்காக 'மீன்டைம்', வேலையில்லாத லண்டன், டிம் ராத்தும் கேரி ஓல்ட்மனும் ரொம்ப சின்ன பசங்க. இது தியேட்டருக்கு போகவேண்டிய படம், 16 எம்எம்ல எடுத்து டிவியோட முடிஞ்சுபோச்சு. 1985-ல அப்பா செத்துப்போறார். அடுத்த வருஷம் பிளாக்பர்ன்ல ஒரு படத்துக்கு நடிகர்களை கூட்டி வச்சு ஏழு வாரம் ரிகர்சல் பண்ணிட்டு, எனக்கு ஒண்ணும் வரல, கேன்சல்னு கலைச்சு விட்டுட்டார். ஸ்கிரிப்ட் வச்சிருக்குற டைரக்டருக்கு இந்த கதி வராது, ஒண்ணும் தோணலேன்னாலும் காகிதத்துல இருக்கிறதை எடுத்து முடிச்சிடலாம். அவர்கிட்ட விழுறதுக்கு வலையே கெடையாது. நல்லவேளை சேனல் 4-ல அப்ப இருந்தது அதே பர்மிங்ஹாம் டேவிட் ரோஸ். பணம் போச்சேன்னு கத்தாம தட்டிக்குடுத்து, கொஞ்ச நாள்லயே ஒரு குறும்படம் பண்ண வச்சார். 1988-ல 'ஹை ஹோப்ஸ்'. அதே சமயத்துல தயாரிப்பாளர் சைமன் சானிங் வில்லியம்ஸோட சேந்து தின் மேன் ஃபிலிம்ஸ்னு சொந்த கம்பெனி. ரெண்டு பேருமே நல்ல குண்டு, அந்த பேரு அவங்க குசும்பு.

இதுக்கப்புறம் ஓட்டம்தான். 'லைஃப் இஸ் ஸ்வீட்'ல (1990) ரெட்டைப் பொண்ணுங்கள்ல ஒருத்தி ராத்திரி ரகசியமா அளவில்லாம தின்னு வாந்தி எடுக்குறா, அம்மா அப்பாவுக்கு தெரியாது, ஆனா சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்திருக்குற இன்னொருத்திக்கு சத்தம் கேக்கும். அந்த ஒரு விஷயத்தை பின்னாடி ஒரு வாக்கியத்துல எப்படி போட்டு ஒடைக்கிறாருன்னு பாருங்க. கேமராமேன் டிக் போப் அவரோட சேந்தது இந்த படத்துலதான், அதுல இருந்து 34 வருஷம் அவரோட சினிமா எல்லாத்துக்கும் அவர்தான்.

அதுல சின்ன ரோல் பண்ண டேவிட் தியூலிஸ் அடுத்து 'நேக்கட்'ல (1993) மொத்த படத்தையும் தோள்ல தூக்கிக்கிட்டு போறார். ஜானின்னு ஒரு மான்செஸ்டர் ஆளு, படிச்சவன், வாய் நிறைய பைபிளும் பிரபஞ்சமும், பொண்ணுங்ககிட்ட நடந்துக்கிறது மிருகம், லண்டன் ராத்திரில அலையுறான். காலியான ஆபீஸ் கட்டடத்துக்கு காவல் இருக்குற செக்யூரிட்டிகிட்ட, உள்ள ஒண்ணுமே இல்லையே எதை காக்குறேன்னு கேக்குற நீள சீன் ஒண்ணு இருக்கு, எழுத்துல அவர் உச்சம் அதுதான்னு எனக்கு தோணும். பெண் வெறுப்பு படம்னு அப்பவே சண்டை வந்துச்சு. ஆரம்ப சீனே சந்துல ஒரு வன்முறை. படம் ஜானியை நியாயப்படுத்துதான்னா இல்லேன்னு சொல்லுவேன், ஆனா அந்த இன்னொரு பணக்கார வில்லன், வீட்டு ஓனர், அவனை வச்சு ஜானியை கொஞ்சம் நல்லவனா தெரிய வைக்கிற வேலை நடக்குது, அது எனக்கு உறுத்தும். கான்ல லீக்கு டைரக்டர் விருது, தியூலிஸுக்கு நடிகர் விருது.

அவர் சரித்திரப் படம் பண்ணப் போறார்னதும் எல்லாரும் முழிச்சாங்க. இறந்துபோன, தெரிஞ்ச மனுஷங்களை எப்படி இம்ப்ரவைஸ் பண்றது? 1999-ல வந்த 'டாப்சி டர்வி' வசனம் எழுதுற கில்பர்ட்டும் இசையமைக்கிற சலிவனும் சேந்து 1885-ல 'மிகாடோ' ஓபராவை மேடையேத்துன கதை. அது மாபெரும் ஹிட்டுன்னு நமக்கு தெரியும், படத்துல இருக்குறவங்களுக்கு தெரியாது, அந்த தெரியாமையை நம்பி ரெண்டு மணி நாப்பது நிமிஷத்தை ஓட்டுறார். ரிகர்சல் சீன்கள் எல்லாம் தங்கம். உடைக்கும் மேக்கப்புக்கும் ஆஸ்கர் வாங்குன படம்.

'மிஸ்டர் டர்னர்'லயும் (2014) இதே சூட்சுமம். ஓவியர் டர்னர் கடைசி காலத்துல செல்சியில மிசஸ் பூத்னு ஒரு விதவையோட, அக்கம்பக்கத்துக்கு மிஸ்டர் பூத்னு பேர் சொல்லிக்கிட்டு வாழ்ந்தார். இன்னொரு வீட்ல அவரையே நம்பி நாப்பது வருஷமா கெடக்குற வேலைக்காரி ஹன்னாவுக்கு இது தெரியாது. டர்னரா நடிச்ச டிமோதி ஸ்பால் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஓவியம் கத்துக்கிட்டு வந்து உறுமுறார், அதை எல்லாரும் கொண்டாடுறாங்க, கான்ல விருதும் வந்துச்சு, சரிதான், ஆனா படம் யாரோடதுன்னு கேட்டா நான் ஹன்னாவா வந்த டோரதி அட்கின்சன்னுதான் சொல்லுவேன். அவ செல்சி வரைக்கும் நடந்து போய் விஷயத்தை தெரிஞ்சுக்கிட்டு, கதவை தட்டாமலே திரும்பி போறா.

'பீட்டர்லூ' (2018) எனக்கு ஒட்டல. 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர் செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்டுல ஓட்டுரிமை கேட்டு கூடுன ஜனங்க மேல குதிரைப்படையை ஏவி விட்ட படுகொலை. அவர் வளந்த ஊருக்கு பக்கத்துலயே நடந்தது, ஆனா ஸ்கூல்ல யாரும் சொல்லித்தரலேங்கிற ஆதங்கம் அவருக்கு ரொம்ப நாளா உண்டு. அமேசான் காசு, பெரிய படம், ரெண்டரை மணிநேரத்துல முக்கால்வாசி மேடைப்பேச்சு. அத்தனை பேரும் தான் நெனைக்கிறதை மைக் இல்லாம உரக்க சொல்லிடுறாங்க. ஒளிக்க எதுவுமே இல்லாத கூட்டத்துல அவர் மெத்தட் என்ன பண்ணும்? கடைசி இருபது நிமிஷ தாக்குதல் மட்டும் ரத்தம் கொதிக்கும், ஏன்னா அங்க மறுபடி தெரியாமை வந்துடுது, பின்னாடி நிக்கிறவனுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியல.

அடுத்த படத்துக்கு ஆறு வருஷம் ஆச்சு. நடுவுல கோவிட், அப்புறம் பழைய வியாதி, ஸ்கிரிப்ட் எங்கன்னு கேக்குற காலம். கடைசில 2024-ல 'ஹார்ட் ட்ரூத்ஸ்'. பட்ஜெட் சுருங்குனதால வழக்கமான ஆறு மாச ரிகர்சல் இல்ல, மூணு மாசம் சொச்சம்தான். கான் வேணாம்னுச்சு, வெனிஸ் வேணாம்னுச்சு, அமெரிக்காவுல டெல்லுரைட் விழாவும் வேணாம்னுச்சு, கனடாவுல டொரன்டோ விழா எடுத்துக்கிச்சு. அங்க திரையிட்ட அடுத்த மாசமே டிக் போப் செத்துப்போனார்.

மரியான் ஜான் பாப்டிஸ்ட்டை ஞாபகம் வச்சுக்க சொன்னேன்ல. 28 வருஷம் கழிச்சு திரும்ப லீகிட்ட. அன்னிக்கு மென்மையா, பொறுமையா, அடக்கமா இருந்த ஹார்டென்ஸ் எங்க, இந்த பேன்சி எங்க. பேன்சி எந்திரிக்கும்போதே கத்திக்கிட்டு எந்திரிக்கிறா. கடைல, கிளினிக்ல, கார் பார்க்கிங்ல, எதிர்ல யார் வந்தாலும் ஏறி மிதிக்கிறா, முதல் அரை மணிநேரம் தியேட்டரே சிரிக்கும், ஏன்னா திட்டுறதுல அவ்வளவு கற்பனை. பிளம்பர் புருஷன் வாயே திறக்கமாட்டான், இருபத்திரெண்டு வயசு பையன் ரூமை விட்டு வரமாட்டான். தங்கச்சி சான்டெல் சிகையலங்கார கடை வச்சிருக்கா, வீடு முழுக்க சிரிப்பு. தங்கச்சியா வர்ற மிஷெல் ஆஸ்டின்தான் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்'ல ஹார்டென்ஸோட தோழியா வந்தவங்க.

படம் பூரா நாம காத்துக்கிட்டு இருப்போம், பேன்சி ஏன் இப்படின்னு ஒரு ஃபிளாஷ்பேக்காவது, ஒரு பழைய காயமாவது அவுத்து காட்டுவாருன்னு. அம்மா கல்லறையில நின்னு தங்கச்சி கேக்கவே கேக்குறா. பேன்சி, எனக்கு தெரியலேங்கிறா. அவ்வளவுதான். 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்'ல எல்லாரும் ஒளிச்சு வச்சதை ஒரு பர்த்டே பார்ட்டில கொட்டி தீத்து, கட்டிப்பிடிச்சு அழுது முடிச்சாங்க, எனக்கு அந்த கடைசி கொஞ்சம் சுலபமாவே பட்டுச்சு. எண்பத்தொரு வயசுல அதே ஆளு, அதே நடிகையை வச்சு, ரகசியம் என்னன்னு அந்த பொம்பளைக்கே தெரியாத படத்தை எடுத்திருக்கார். இதை பாத்துட்டுதான் பழையதை எல்லாம் திரும்ப போட்டு பாத்தேன், இந்த பதிவும் அதனாலதான்.

'அனதர் இயர்' பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னொரு இவ்வளவு போகும், லெஸ்லி மேன்வில்லுக்காகவே தனியா எழுதணும், விடுறேன். 'ஹேப்பி கோ லக்கி'ல எட்டி மார்சன் டிரைவிங் கத்துக்குடுக்குற சீன்கள் மட்டும் தேடி பாருங்க, மீதி படம் உங்களுக்கு பிடிக்கலாம், எனக்கு பாதிதான்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்', அப்புறம் 'வேரா டிரேக்', தைரியம் வந்தப்புறம் 'ஹார்ட் ட்ரூத்ஸ்'. சிரிக்கணும்னா 'நட்ஸ் இன் மே', ஒன்றரை மணிநேரத்துக்குள்ள முடிஞ்சிடும். 'நேக்கட்' மட்டும் வீட்ல எல்லாரும் ஹால்ல உக்காந்திருக்கும்போது போட்டுடாதீங்க, மொத ரெண்டு நிமிஷத்துலயே ரிமோட்டை தேட வேண்டியிருக்கும்.